ஏற்றாமல் விட்ட ஃபோல்டர்

அன்பு மாப்ளே முருகேசா,

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் இன்னமும் உனக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறேன். நீ ஏறமாட்டாய் என்பது உன் ஜூஜுவாடி ஸ்டாப் வந்த பிறகுதான் உறைக்கிறது.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாட்டு என்றால் உனக்குப் பைத்தியம். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஹார்ட் டிஸ்க் நிறையச் சேர்த்திருந்தாய். "ஒரே வீட்ல எத்தினி காப்பி இருந்தாலும் அது ஒண்ணுதான்டா" என்பாய். அதனால் ஒரு டிஸ்க் உன் வீட்டில், இன்னொன்று சூளகிரியில் என் வீட்டில். மாதம் ஒருமுறை உன்னுடையதைக் கொடுப்பாய். புதிதாகச் சேர்ந்ததை என்னுடையதில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தருவேன்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னாலும் அப்படித்தான் கொடுத்தாய். அதில் 'மஞ்சு' என்று ஒரு புது ஃபோல்டர். உன் மனைவி மஞ்சுளாவின் காலஞ்சென்ற அப்பா அத்திப்பள்ளி பஜனைக் குழுவில் கன்னடத்தில் பாடியவை. பழைய கேசட்டிலிருந்து நீயே லேப்டாப்புக்கு மாற்றியிருந்தாய். மாற்றி முடித்ததும் டேப் அறுந்தே போயிற்று என்றாய்.

டிஸ்க் ஒரு வாரம் என் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. ஓவர்டைம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நீ போன் செய்து, "ஏத்திட்டியா மச்சான்?" என்று கேட்டாய். "ஆச்சு மாப்ளே" என்றேன், ஏற்றாமலே டிஸ்க்கைத் திருப்பியும் கொடுத்தேன். ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் மெஷினைப் பார்க்காமலே செக் ஷீட்டில் டிக் போடுவோமே, அந்தப் புத்தி. அதை நம்பி நீ லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டாய்.

ஏன் மாப்ளே, திறந்து காட்டுடா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா?

போன மாதம் உன் டிஸ்க்கும் உயிரை விட்டது. ஓசூரில் இரண்டு கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மஞ்சுளா பதறவில்லை. "அண்ணங்கிட்ட இன்னொண்ணு இருக்குதில்ல" என்று நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் டிஸ்க்கைச் சொருகித் தேடுவது போல நடித்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை.

"ஏத்தலம்மா. அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தக் குழுவில் இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, பாடச் சொல்லிப் பதிவு செய்கிறேன் என்றேன்.

"பாடுவாங்கண்ணா. எங்கப்பா கொரலு வராதே" என்றாள்.

வெளியே போய்ச் செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள்.

"அண்ணா, 'உங்கப்பா பாட்டு பத்திரமா இருக்குது மஞ்சு'ன்னு கடைசியா எங்கிட்ட சொன்னாரு. நம்பிக்கிட்டே போயிட்டாரு. அவரு படத்துக்கு முன்னாடி நின்னுகூட இதச் சொல்லிடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். மூன்று வாரம் சொல்லாமலும் இருந்து பார்த்தேன். உன்னை நினைக்கிறபோதெல்லாம் நான் சொன்ன அந்த 'ஆச்சு'தான் காதில் கேட்கிறது. அவள் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன், நீ அவளிடம் காட்டிக்கொள்ளாதே. இனி ஒருநாளும் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் மாப்ளே.

உன் மச்சான்,
கோவிந்தராஜ்