இந்த வருடம் யார் வீட்டில் மவ்லூது?

இன்று காலை பன்னீர்ச் செம்பைத் துலக்க எடுத்தேன். போன வருடத்துப் பன்னீர் அடியில் காய்ந்து கிடந்தது. ஆனாலும் மூடியைத் திறந்ததும் வாசனை வந்துவிட்டது. முன்பெல்லாம் இந்த வாசனைக்கு உன் வீட்டுக் கூடம்தான் நினைவுக்கு வரும். இன்று உடனே மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன். நேற்று மாலை ரபீயுல் அவ்வல் பிறை தெரிந்துவிட்டது. நீ இல்லாமல் முதல்முறையாக வருகிற நபி பிறந்த மாதம் இது. பிறை ஒன்றிலிருந்து பன்னிரண்டு நாளும் நபி புகழை ஓதும் மவ்லூது உன் வீட்டில்தானே நடக்கும். "இந்த வருஷம் மவ்லூது உங்க வீட்லதானுங்களே?" என்று தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கேட்கிறார்கள். துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன்.

காரணம் உன் மகள். போன வெள்ளிக்கிழமை வேலூரிலிருந்து வந்தவள் நேராக என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் போட்டிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியாததா? அவள் அழுதாள்.

"ஆன்ட்டி, நபி காலத்துல இது கிடையாதுங்க. கூட இருந்த தோழர்கள் யாரும் பிறந்தநாள் கொண்டாடல. எத்தனையோ நூறு வருஷம் கழிச்சு ராஜாங்க ஆரம்பிச்சது. அம்மா தெரியாம செஞ்சிட்டாங்க, அல்லா மன்னிப்பான். இப்ப நீங்க அம்மா பேர்ல ஓதினா, கபுர்க்குழில படுத்திருக்கிறவங்களுக்கு வானவருங்க கேக்குற கேள்வி ஜாஸ்தி ஆயிடும்னு பயமா இருக்குதுங்க. வேணாங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை அடக்கியிருக்கிற மையவாடி வழியாகத்தான் டவுன் பஸ் போகிறது. நான் ஜன்னல் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன். நீ அங்கே தனியாகப் படுத்துக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. நீ நபிமேல் வைத்த பிரியமே உனக்குக் குற்றமாகிவிட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவேன்?

இந்தச் சர்ச்சை நமக்குப் புதிதில்லை. வேங்கிக்கால் பக்கம் பெண்களுக்கான பயான், மார்க்கப் பேச்சு, நடந்தபோது வாராவாரம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டோமே. எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர்கள் தங்கள் ஆட்சிக்குப் பெருமை சேர்க்கத் தொடங்கிய விழா இது என்றார் ஒரு ஹஸ்ரத். அடுத்த வாரம் வந்தவர், இல்லை, இர்பில் நகரத்து அரசர் ஆலிம்களைக் கூட்டி விருந்து வைத்து நடத்தியதுதான் தொடக்கம், நல்ல காரியம்தான் என்றார். இன்னொருவரோ, தாம் பிறந்த கிழமை என்று நபியே திங்கட்கிழமை நோன்பு வைத்தார்களே, அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டார். பிறந்த தேதி பன்னிரண்டுதானா என்பதிலும் ஒத்த கருத்து இல்லையாம். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நீ சொன்னாய்: "ஆரம்பிச்சது யாருன்னு இவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. நிறுத்துன்னு மட்டும் எப்டிடி இவ்ளோ சத்தமா சொல்றாங்க?" ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். இவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். கிரிவலக் கூட்டம் வந்து இறங்குவதற்குள் நெய்ச்சோற்றுக்குச் சாமான் வாங்கிவிட வேண்டும் என்று என்னைக் கடைவீதிக்கு விரட்டுவாய். பூக்காரம்மா கோயில் வியாபாரத்துக்கு ஓடுகிற அவசரத்திலும் நம் வீட்டு மல்லிகையைக் கொடுத்துவிட்டு, "பாயம்மா, என் பங்கு சோறு எடுத்து வைங்க, காலி பண்ணிடாதீங்க" என்பாள்.

போன வருடம் அந்தக் கடைசி நாளில் உன் இடுப்பு உன்னை நிற்க விடவில்லை. முடிவில் நபிக்கு ஸலாம் பாட எல்லாரும் எழுந்தபோது, உட்கார்ந்துகொள் என்று நான் சொல்லியும் கேட்காமல் என் தோளைப் பிடித்து எழுந்து சாய்ந்துகொண்டாய். கூடம் முழுக்கப் பாடுகிறது. நீ பாடவில்லை. என் காதோரம் உன் வாய் முணுமுணுத்தது.

"யா அல்லா, இது தப்பா இருந்தா என் மேல போடு. இவங்கள்லாம் நான் கூப்டு வந்தவங்க. இவங்களை விட்டுடு."

பாட்டு முடிந்ததும், எத்தனை வருடமாக இப்படிக் கேட்கிறாய் என்றேன். "மொதல் வருஷத்துல இருந்தேதான். பயமில்லாம அல்லா முன்னாடி யாராவது நிப்பாங்களாடி? போ, போய் பூந்திய எடுத்துக் குடு" என்று என்னைத் தள்ளிவிட்டாய். இத்தனை காலம் உன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், அது எனக்குத் தெரியவே இல்லை.

மதியம் உன் மகளுக்குப் போன் போட்டேன். "உங்கம்மா பேர்ல ஓதலம்மா. என் பேர்லதான் ஓதப்போறேன். அவங்களுக்கு அதுல சம்பந்தமில்ல" என்றேன். "அவங்கவங்க சுமை அவங்கவங்களுக்குத்தாங்க ஆன்ட்டி. நீங்க மாட்டிக்குவீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இப்போது எனக்காகவும் சேர்த்துப் பயப்படுகிறாள், பாவம்.

தெருவில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்து, மாலை அசர் தொழுகையும் தொழுதாயிற்று. பெண்கள் என் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் செருப்புகள் சேர்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் நான் கூப்பிட்டு வந்தது என்று நினைத்துக்கொண்டே வரிசையாக அடுக்கி வைக்கிறேன். ஸலாமுக்கு நிற்கும்போது நீ கேட்டதையே நானும் கேட்கப் போகிறேன். இவர்களை விட்டுவிடு, என்மேல் போடு. அதோடு உனக்காக இன்னொன்றும் கேட்க வேண்டும்: அவள் பேரில் ஏதாவது இருந்தால் அதையும் எனக்கே கொடுத்துவிடு. ஒருத்தர் சுமையை இன்னொருத்தருக்கு மாற்றமாட்டான் என்று தெரியும். தெரிந்தேதான் கேட்கப் போகிறேன்.