ராணி பேசிய பக்கம்

ஜனவரி 19

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலம். அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும். "போன்ல நீங்க 'ம்' கொட்டுறதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்ல, சொல்றதை எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுத உட்கார்ந்தால் கை ஊசியைத்தான் தேடுகிறது. பத்து வரி எழுதுவதற்குள் ஒரு சோபாவுக்கு உறை தைத்துவிடலாம்.

விஷயம் இதுதான். நம் நாவலைப் படமாக எடுத்துவிட்டார்கள், மூன்று பாகமாம். நான் பட்டறையில் ஆணி அடிக்க அடிக்க, நீ எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மழைக்காலம் முழுக்க வாசித்துக் காட்டி, என்னிடம் வாத்தியாரம்மா என்று பெயர் வாங்கினாயே, அதேதான். முதல் பாகம் வந்த அன்றே அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். நீ இல்லாமல் பார்த்தது ஒரு மாதிரி இருந்தது, அதை விடு.

தியேட்டரில் ஆளுக்கொரு நியாயம். பின்வரிசையில் ஒருவன், "புத்தகத்துல மூணு தலைப் பறவை இதைவிடப் பெருசு" என்கிறான், என்னவோ வீட்டில் வளர்த்தவன் மாதிரி. ராஜா காலிலிருந்து கல்லாக ஆரம்பிக்கிற இடத்தில் அக்கா தூங்கிவிட்டாள். விழித்துப் பார்த்து, "இன்னும் முழங்கால் வரைக்கும்தான் ஆகியிருக்கா? இந்த வேகத்துல போனா மூணு பாகம் பத்தாதேடா" என்றாள்.

கோட்டை நன்றாக இருக்கிறது, ஆறு நன்றாக இருக்கிறது. சிம்மாசனத்தின் மெத்தை மட்டும் மகா மட்டம், மூலையில் தையல் பிரிந்து தெரிகிறது. அதைக்கூட மன்னிப்பேன். நாவலுக்கே உயிரான இடத்தை வெட்டிவிட்டார்கள் பாவிகள். சாபத்துக்கு மருந்து தேடி ராணி படகேறுவதற்கு முன்னால் ராஜாவின் எதிரே நின்று ஒரு பக்கம் பேசுவாளே, அது இல்லை. "இந்தக் கோட்டையில் நான் பேசினால் சுவர்தான் கேட்கிறது. நீங்கள் கேட்டிருந்தால் ஒரு நாளாவது 'அப்புறம்?' என்று கேட்டிருப்பீர்கள்" என்பாளே. படத்தில் வாயே திறக்காமல் போகிறாள். எனக்கு வந்ததே கோபம். வாசலில் மைக் நீட்டிய பெண்ணிடம் நன்றாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வருஷத்து லேப் வேலைதான், முடிந்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனாய். திரும்பி வருவாயா மாட்டாயா என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மெத்தைக்கடை


பிப்ரவரி 3

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் எழுதியிருக்காவிட்டாலும் செய்தி எனக்குத் தெரிந்திருக்கும். ரிசப்ஷனில் இருக்கும் பெண் போனைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே ஓடி வந்தாள். "அக்கா, இந்த ஆளைப் பாருங்க, ராணிக்காக எப்படிப் பொங்குறாரு" என்று காட்டினாள். பார்த்தால் நீங்கள். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் என்று நான் சொல்லவில்லை.

அந்த வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? "ஆமாம் ஐயா, அந்தக் காட்சியைப் படித்து நானும் அழுதேன்" என்று ஒருவர். "இயக்குநருக்கு ராணியின் வலி புரியவில்லை" என்று இன்னொருவர். மூன்று தடவை நாவலைப் படித்ததாகச் சொல்லும் ஒரு கல்லூரிப் பேராசிரியர், அந்தக் காட்சி இல்லாத படம் தலையில்லாத உடம்பு என்று தீர்ப்பே எழுதிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

நானும் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. ராணி பேசாமல் போவதுதான் சரி என்று பட்டது. பேசிப் பார்த்து அலுத்தவள் வேறு எப்படிப் போவாள்? மூன்று பாகமாக இழுப்பதைப் பற்றி எல்லாரும் குறைப்படுகிறார்கள். ஒரு மனிதன் கல்லாவதற்கு நாளாகும், இழுக்கட்டுமே.

நாவல் பட்டறை அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு தடவை நீங்களே எடுத்துப் படியுங்களேன்.

இங்கே என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருஷக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்காவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 8

வாத்தியாரம்மாவுக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. ஏன் என்று கேள்.

நீ சொன்னாயே என்று புத்தகத்தை எடுத்தேன். ராணி படகேறுகிற இடத்தைத் தேடிப் பிடித்தால் அந்தப் பேச்சைக் காணோம். பழைய புத்தகம், தாள் கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். கடைக்குப் போய்ப் புதுசு வாங்கினேன். அதிலும் இல்லை. திரும்பப் போய்க் கடைக்காரரிடம், "பக்கம் குறையுற புத்தகத்தைத் தலையில கட்டுறீங்களா?" என்று சண்டைக்கு நின்றேன். அந்த மனுஷன் பொறுமையாகப் பக்க எண்களைப் புரட்டிக் காட்டினார். "எல்லாம் வரிசையாத்தான் இருக்கு சார். நீங்க வேற எதையோ படிச்சிருக்கீங்க." பக்கத்தில் நின்ற ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வீடியோவுல பேசினவர்தானே, அந்தக் காட்சி எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நான் எங்கே படித்தேன்? நீ வாசித்தாய், நான் கேட்டேன். எத்தனை வருஷமாக என் காதில் பூச் சுற்றியிருக்கிறாய்! அந்தப் பேராசிரியர் வேறு என் பேச்சைக் கேட்டுத் தீர்ப்பே எழுதியிருக்கிறார். ஊரே என்னால் இல்லாத காட்சிக்காகப் போராடுகிறது.

எதற்காகச் செய்தாய்? அதைச் சொல்.

மெத்தைக்கடை


மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

எனக்கு 'அன்புள்ள' போடுவதில் கஷ்டமில்லை. உங்கள் மேல் எனக்கு அன்பு இல்லாமல் இருந்ததே இல்லை, அதுதான் தொந்தரவே.

நீங்கள் மறந்திருப்பீர்கள். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போக வேண்டும், படித்த படிப்பு வீணாகிறது என்று உங்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "ம்" என்பீர்கள். அப்புறம் ஆணிச் சத்தம். ஆனால் நான் கதை வாசித்துக்கொண்டே தண்ணீர் குடிக்க நிறுத்தினால் போதும், "அப்புறம்?" என்பீர்கள், சின்னப் பிள்ளை மாதிரி. ராணிக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

அன்றைக்கும் ராணி படகுத்துறைக்கு வந்துவிட்டாள். புத்தகத்தில் அவள் பேசாமல் ஏறிப் போகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. கண் தாளில் இருந்தது, வாய் என் பாட்டைப் பேசிவிட்டது. ஒரு மாசமாக உங்களிடம் சொன்ன அதே வார்த்தைகள். இப்போதாவது தெரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் சுத்தியலைக் கீழே வைத்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. "பாவம்டி அந்த ராணி, அந்த ராஜாவுக்குக் காதே இல்லையா?" என்றீர்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்தேன். பிறகு, "சரி, நேரமாச்சு, சாப்பாடு எடுத்து வை" என்றீர்கள்.

அதற்கப்புறமும் வாசித்தேன். ஆங்காங்கே சேர்த்தேன். ராணிக்காக ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டீர்கள். உங்களிடம் இரக்கம் நிறைய இருக்கிறது, என் முறைதான் வரவில்லை.

என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எழுதினால் படத்தைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பேராசிரியர் இருக்கிறார்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 11

அன்புள்ள உனக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அப்புறம் வெட்கம். உன் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ நல்லவன்னுதான்டா எல்லாரும் சொல்றாங்க. நல்லவன்கூடக் குடும்பம் நடத்துறது எவ்வளவு கஷ்டம்னு அவகிட்டதான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படத்தைப் பற்றி ஒரே ஒரு பாரா, பொறுத்துக்கொள். இரண்டாம் பாகத்துக்குத் தனியாகப் போனேன். ராஜா மார்பு வரைக்கும் கல்லாகிவிட்டான். வாய் வேலை செய்கிறது, காது வேலை செய்கிறது, ஆனாலும் ஆளை அனுப்பி ராணியைப் பற்றி விசாரிக்காமல் படை பலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். ஜனங்கள் சிரித்தார்கள். "இவனை வச்சு இன்னொரு பாகமா?" என்று யாரோ சத்தம் போட்டார்கள். நான் சிரிக்கவில்லை. வாசலில் மறுபடி மைக் நீட்டினார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று வந்துவிட்டேன்.

நாவலை நானே படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகிறது. என் ஞாபகத்தில் இருக்கிற, ஆனால் புத்தகத்தில் இல்லாதது எல்லாம் உன்னுடையது என்று புரிகிறது. ராணி ஓலைக்கட்டைப் பரணில் போட்டுவிட்டு அழுதாளே, அது உன் சான்றிதழ்களா? ராணிக்குப் பல்வலி வந்து ராஜா கவனிக்காமலே இருந்தானே, அதையும் நீதான் சேர்த்தாயா? அந்த வாரம் உன் கன்னம் வீங்கியிருந்ததாக அக்கா சொல்கிறாள். நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை. இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எப்படிக் கேட்பது என்று பழக்கமில்லை, தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தலை வலிக்காதா? அதில் என்னதான் தெரியும்? ரத்தத்தைப் பார்த்தே ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்று உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமா, தெரிந்தால் அன்றைக்கு எப்படிச் சாப்பிடுவாய்? யாரோடு சாப்பிடுகிறாய்? யாராவது உன்னைச் சிரிக்க வைக்கிறார்களா? அந்த வேலை உனக்கு நீ நினைத்த மாதிரி இருக்கிறதா?

மெதுவாகப் பதில் போடு. அவசரமில்லை.

உன்,
மெத்தைக்கடை


டிசம்பர் 12

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் அவசரமில்லை என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. என்னைப் பற்றி யாரும் இவ்வளவு கேட்டு எனக்கும் பழக்கமில்லை.

முதலில் பல்வலி. அது நாவலாசிரியர் எழுதியது. இருநூறாவது பக்கத்தையொட்டிப் பாருங்கள், இந்நேரம் அங்கே வந்திருப்பீர்கள். என் கன்னம் வீங்கியதும் உண்மைதான், ஆனால் அது வேறு வருஷம். செய்யாத குற்றத்துக்காக இரண்டு நாள் வேலை ஓடாமல் இருந்திருக்கிறீர்கள். பாவம் நீங்கள். ஓலைக்கட்டு என்னுடையது.

தலை வலிக்கும். ஜன்னல் பக்கம் போய்த் தூரத்தில் பார்த்தால் சரியாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், சில சமயம் அப்படித் தெரியமாட்டார்கள், அப்போது இரண்டாம் தடவை பார்ப்பேன். சில பேர் விஷயத்தில் எனக்கு முதலிலேயே தெரிந்துவிடும். போன மாசம் ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், அவள் தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. ரிசப்ஷன் பெண்ணோடுதான் சாப்பாடு. சிரிக்க வைப்பதும் அவள்தான், பாதி நாள் உங்கள் வீடியோவை நடித்துக் காட்டுவாள். போன வாரம்தான் அவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். நாற்காலியிலிருந்து விழப் போனாள்.

வேலை நான் நினைத்த மாதிரி இல்லை. அதைவிட நன்றாக இருக்கிறது.

மூன்றாம் பாகம் வந்துவிட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்: ராணி கோட்டைக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, திரும்பாமல் போனதுதான் சரி என்று ஒரு கட்சி. லேபிலேயே இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை.

நீங்கள் அத்தனை கேட்டீர்கள், ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அக்கா கேட்கச் சொன்னதாகக்கூட எழுதவில்லை. அதற்காகத் தேடினேன், கடிதத்தின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். கேட்காமல் விட்டதற்கு நன்றி. கேட்காததால் சொல்கிறேன். நிரந்தர வேலைக்கு நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் அங்கே திரும்பி வரமாட்டேன்.

நீங்கள் இங்கே வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரிலும் சோபாக்கள் கிழியத்தான் செய்கின்றன.

உங்கள்,
நான்