தோட்டா மேஜையில் நான் செய்த பிழை

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

ரங்கூனில் மறுபடியும் மழை தொடங்கிவிட்டது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களிடம் மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை இன்று எழுதுகிறேன். நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரயில்வே பட்டறையில் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஞாயிறு காலையில் லைசென்ஸ் துப்பாக்கியோடு பக்கத்து ஊரான மாவ்பிக்கு ரயிலேறுவீர்கள். அங்கே உங்கள் பர்மிய நண்பர் ஊ போ லுன்னின் வயலைக் காட்டுப்பன்றிகள் உழுதுபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றைச் சுட வேண்டிய தோட்டாக்களை நம் பின்னறை மேஜையில் நீங்களே நிரப்புவீர்கள். சுட்டுக் காலியான பித்தளைக் கூடுகள், பொறி கிளப்பும் கேப்பு, வெடிமருந்து, அட்டை வில்லை, ஈய ரவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பட்டறையில் அத்தனை சுத்தமான கை, வீட்டு மேஜையில் மட்டும் ஏன் அப்படி இருந்தது?

ஒழுங்குபண்ணித் தருகிறேன் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். வேலை நடக்கிற வரிசையிலேயே சாமான்களை வைத்தேன். இடது ஓரம் துடைத்த கூடுகள், அடுத்து கேப்பு, நடுவில் மருந்தும் அளவுக் கிண்ணமும், பிறகு அட்டை, ரவை, கடைசியில் முடிந்த தோட்டாக்களுக்கு ஒரு மூடி போட்ட பெட்டி. பாதி நேரத்தில் வேலை முடிகிறது என்று பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அன்று எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா?

அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு மருந்து டப்பாக்கள் இருந்தன. ஒன்று உங்கள் பழைய துப்பாக்கிக்கான கருமருந்து. மற்றது பட்டறை நண்பரின் புதுத் துப்பாக்கிக்காக வாங்கிய புகையில்லா மருந்து. அதில் கொஞ்சமே போதும், வேகம் அதிகம். போன மழையில் டப்பாக்களில் பூஞ்சை பிடித்திருந்தது. நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது ஈரத்துணியால் துடைத்தேன். மருந்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்த இரண்டு சீட்டும் கையோடு வந்துவிட்டன. எது எதிலிருந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சோற்றுப் பசை தடவி ஒட்டிவிட்டேன். உங்களைக் கேட்டிருக்கலாமே, அத்தான். ஏன் கேட்கவில்லை?

சீட்டு மாறிப்போயிருந்தது. அந்த ஞாயிறு வயல் வரப்பில், புகையில்லா மருந்தின் வேகம் தாங்காமல் உங்கள் பழைய துப்பாக்கியின் குழல் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். முகத்தில் கட்டு, ஒரு கண் மட்டும் வெளியே. போலீஸ்காரர் வருவதற்கு முன்னால் என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

“டப்பாவுக்குச் சீட்டு ஒட்டினியா, மீனா?”

ஆமாம் என்றேன்.

“நீ ஒண்ணும் சொல்லாத. புள்ளைக்கு நீ வேணும்.”

போலீஸ்காரர் வந்து கேட்டபோது, அவசரத்தில் நீங்களே மருந்தை மாற்றிப் போட்டுவிட்டதாக அந்த உடைந்த குரலில் சொன்னீர்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிந்தபோது நீங்கள் இல்லை.

போன வாரம் ஊ போ லுன் வந்தார். பன்றிகள் மறுபடி வயலில் இறங்கிவிட்டனவாம். அவரே ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். நம் மேஜையைக் கொடுப்பீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். விறகாக்கிவிடலாம் என்று எத்தனையோ தரம் நினைத்த மேஜை. ஆனால் அவர் தானாக ஏதாவது செய்து குழல் வெடித்தால்? கொடுத்தேன். கூடவே நானும் போனேன்.

அவர் வீட்டுச் சன்னலோரம் மேஜையைப் போடச் சொன்னேன். வாயிலிருந்த சுருட்டை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். ஒரு வீட்டில் ஒரு மருந்துதான், இரண்டாவது டப்பா உள்ளே வரவே கூடாது என்றேன். வேலை முடிந்ததும் அந்த ஒரு டப்பாவும் பூட்டுக்குள் போக வேண்டும். துளையிட்ட பலகையில் கூடுகளை நிறுத்தி, மருந்து விட்டதும் ஒவ்வொன்றிலும் அளவு சரியா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே அட்டை. சீட்டு வேண்டாம் என்று ஆணியால் டப்பாத் தகரத்திலேயே பெயரைக் கீறினேன். சீட்டு ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டார். சொல்லிவிட்டேன். உங்களைத் தவிர ஒருவரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

கையிலிருந்த கூட்டை மேஜையில் வைத்தார். பிறகு பர்மிய வழக்கப்படி ‘மா’ என்று மரியாதையாக அழைத்து, அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

“மா மீனா, இது உங்க மகளுக்குத் தெரியுமா?”

தெரியாது, அத்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் தம்பி சொன்னதுதான். வீட்டுக்கு வரும்போதெல்லாம், அண்ணன் இவ்வளவு அஜாக்கிரதையாக இருப்பார் என்று நினைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு, அப்பா கவனக்குறைவால் செத்துப்போனார் என்று பதில் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வயது. அதை அழாமல் சொன்னாளாம்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பத்து மாதம் அதைக் காப்பாற்றினேன். இனி முடியாது, மன்னித்துவிடுங்கள். வருகிற ஞாயிறு உங்கள் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். அவளையும் எதிரில் உட்காரவைத்து நடந்ததை முழுதும் சொல்வேன். அதன்பிறகு அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். தன் அப்பா எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரியட்டும்.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
மீனாட்சி