குமிழிக்குள் இருந்த காற்று

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தலைச்சாயம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமோனியா நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எரியுதாய்யா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் அந்த நெடி என்னைப் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த, அமோனியாவில் மெஷின் ஓடிய ஐஸ் கம்பெனிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நீங்கள் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கடிதத்தை இன்றைக்கு எழுதுகிறேன்.

அங்கே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நீங்கள் பெண்கள் பள்ளிக்கு விஞ்ஞான ஆசிரியையாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டின் கடைசியில் ஒருநாள் வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஒரு பார் ஐஸ் வேணும்ணே. நடுவுல வெள்ளையா இருக்குமே, அந்த மாதிரி."

"கல்யாண வீட்டுக்காரங்கல்லாம் கண்ணாடியாட்டம் வேணும்பாக. நீங்க என்ன டீச்சர், மட்டமானதக் கேக்குறீக?"

"அந்த வெள்ளை எதனால வருது, சொல்லுங்க."

"காத்து மாட்டிக்கிட்டா வெள்ளையாயிரும். பொடிப்பொடியா குமிழி."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றீர்கள்.

பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து அந்த வருடம் பூமியை ஆராய்வதாகவும், சிலர் தென்துருவத்துக்கே போய்ப் பனியைத் தோண்டுவதாகவும் சொன்னீர்கள். அதைப் பற்றிப் பள்ளியில் பெற்றோர்களுக்கு ஒரு கூட்டம் வைத்துப் பேச வேண்டுமாம். துருவத்துப் பனி மாதிரிக் காட்டத்தான் அந்த வெள்ளை ஐஸாம். உங்கள் அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. மார்கழி விடியலில் புல்நுனியில் உறைந்த பனியைக் காலால் நொறுக்கி நடந்தவர் நீங்கள். எனக்கு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் தகர அச்சை இறக்கி உறையவைக்கும் ஐஸ் மட்டும்தான் தெரியும்.

சாக்கில் சுற்றிய பாரின்மேல் கையை வைத்தபடி விளக்கினீர்கள். அங்கே விழுகிற பனி உருகுவதே இல்லை. ஒரு வருடத்துப் பனிமேல் அடுத்த வருடத்துப் பனி விழுகிறது. அடியில் இருப்பது அமுங்கி, மணிமணியாகி, இன்னும் அமுங்கிப் பாறைபோல இறுகிவிடுகிறது. "அந்த மணிமணியா இருக்கிற நிலைமைக்கு இங்கிலீஷ்ல பேர் இருக்கு, தமிழ்ல என்ன சொல்றதுன்னுதான் தெரியல" என்றீர்கள்.

"நொய்யரிசி மாதிரியா? அப்ப குருணைதான்."

நீங்கள் உடனே நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்: குருணைப்பனி.

அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். "குருணைக்கு நடுவுல காத்து இருக்கும்ல டீச்சர்? அமுங்குறப்போ அது உள்ளயே மாட்டிக்கிரும். அப்ப அந்தக் குமிழியில இருக்கிறது அந்தக் காலத்துக் காத்துதான? அத எடுத்து அளந்தா, அப்ப காத்து எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சிராதா?"

நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தீர்கள். பிறகு, "தெரியலயேண்ணே" என்றீர்கள்.

கூட்டத்துக்கு நானே ஐஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பேச்சு முடிகிற இடத்தில் அந்தக் கேள்வியைச் சொல்லி, என்னைக் கை காட்டினீர்கள். "இதுக்குப் பதில் எனக்குத் தெரியல. என்கிட்ட இருக்கிற புத்தகங்கள்லயும் இல்ல" என்றீர்கள். பின்வரிசையில் சிரித்தார்கள். முன்வரிசையில் பள்ளி நிர்வாகியின் முகம் இறுகிப்போனது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்கு வந்தீர்கள். பெற்றோர் முன்னால் தெரியாது என்று சொல்கிற ஆசிரியை பள்ளிக்கு எதற்கு என்று நிர்வாகி கேட்டாராம். பள்ளி ஆண்டு முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

எனக்கு மெஷின் சத்தமே கேட்கவில்லை. "என்னாலதான டீச்சர் இம்புட்டும்? என் சோலியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்."

"ஒங்களால இல்லண்ணே. எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சிருந்தா வேலை தங்கியிருக்கும். அப்புறம் பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கிறது? அத விடுங்க, இதப் பாருங்க."

நீங்கள் நீட்டியது வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு எழுதிய கடிதம். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னீர்கள். கீழே முதலில் என் பெயர், மெஷின் ஓட்டுநர், போடிநாயக்கனூர் என்று இருந்தது. அதற்கு அடியில்தான் உங்கள் பெயர். என் பெயரை இங்கிலீஷில் நான் பார்த்தது அன்றுதான். எழுத்தெழுத்தாகக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

தை போய், மாசி போய், பங்குனியில் பதில் வந்தது. கேள்வி சரியானது, எங்களுக்கும் இன்னும் பதில் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். குமிழியில் காற்று மிகக் கொஞ்சம், அளக்கிற வழியைத் தேட வேண்டும், என்றாவது ஒருநாள் முடியும் என்றும் இருந்தது. நீங்கள் அதை நிர்வாகியிடம் கொடுத்தீர்களாம். இரண்டு முறை படித்தாராம். "அவுகளுக்குமா தெரியாது?" என்று மட்டும் கேட்டாராம். சித்திரையில் உங்கள் வேலை நிரந்தரமானது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளியிலேயே இருந்தீர்கள்.

ஓய்வு பெற்று நீங்கள் மதுரைக்குப் போன பிறகு ஒரு கார்டு வந்தது. "அண்ணே, அளந்துட்டாங்க" என்று ஒரே வரி. மறுநாளே ரயில் ஏறி வந்தேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் படித்தோம். பனிக்கட்டிக் குமிழிகளில் இருந்து பழங்காலத்துக் காற்றை எடுத்திருந்தார்கள். நம் காலத்துக் காற்றில் கரியமிலவாயு எவ்வளவு ஏறிவிட்டது என்பதை அதை வைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். பூமி சூடாகும் என்று வாசித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. "பயந்தா என்னண்ணே, இப்பவாச்சும் தெரிஞ்சதே. தெரிஞ்சாத்தான எதையும் செய்ய முடியும்" என்று காப்பியை ஆற்றிக் கொடுத்தீர்கள்.

இப்போது எனக்கு எண்பதாகப் போகிறது. எந்த வாசலிலும் நின்று கேட்கக் கூச்சமில்லை. டாக்டரிடம் கேட்கிறேன், பேங்கில் கேட்கிறேன், மலையில் மழை ஏன் தப்பிப்போகிறது என்று ஏல விவசாயிகள் கூட்டத்துக்கு வந்த அதிகாரியிடம் எழுந்து கேட்டேன். போன மாதம் ஒரு செய்தி படித்தேன். துருவத்துப் பக்கம் சில இடங்களில் இப்போது வெயிலில் மேல்பனி உருகி, அந்தத் தண்ணீர் குருணைப்பனிக்குள் இறங்கி, காற்று இருக்கிற இடுக்கில் மறுபடி உறைகிறதாம். அப்படியானால் நம் காலத்துக் காற்று அங்கே சரியாக அடைபடுமா, பின்னால் வருகிறவர்கள் நம்மை அளக்க முடியுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. என் பேத்தியிடம் சொல்லிக் கம்ப்யூட்டரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில் வர நாளாகலாம். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, டீச்சர்.