கப்பல் வெடித்ததும் மச்சான் சாப்பிடப் போனதும்

13.7.86, ஞாயிறு

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் வெள்ளைத்துரையின் டி.வி.யில் விண்வெளிக் கப்பல் தொடர். முடிவே இல்லாமல் ஓடும் இங்கிலீஷ் தொடர். எம்.ஏ. ஆங்கிலம் என்பதால் வாரா வாரம் தமிழில் கதை சொல்வது நான். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலம் படித்தவனுக்கு இருபத்து நான்காம் நூற்றாண்டு ஆங்கிலம் எப்படிப் புரியும்? நடிகர்களின் முகத்தைப் பார்த்துக் கதை அடித்துவிடுவேன்.

இன்று கத்திரிக்காய் நிற முகமுள்ள ஒருவன் தன் கப்பலிலிருந்து கேப்டனைத் திட்டித் தீர்த்தான்.

"அவருக்கு என்ன சார் கோவம்?" என்றார் வெள்ளைத்துரையின் மனைவி அன்னக்கொடி.

"கேப்டனோட மச்சான். விசேஷத்துக்கு நேர்ல வந்து அழைக்கலையாம்."

அன்னக்கொடி திரும்பி வெள்ளைத்துரையைப் பார்த்தார். யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. நல்லவேளை, கரண்ட் போயிற்று. முடிவு கேட்டார்கள். கேப்டனே தாம்பூலத் தட்டோடு மச்சான் கப்பலுக்குப் போகிறார் என்று முடித்துவைத்தேன். அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

14.7.86

இனி வாயைத் திறக்குமுன் ஞாபகம் வரட்டும்: அன்னக்கொடியின் அண்ணன் சோணை இருப்பது பரவையில். நாங்கள் இருக்கும் விளாங்குடியிலிருந்து கூப்பிடு தூரம். இந்த வீட்டின் புதுமனை புகுவிழாப் பத்திரிகையை வெள்ளைத்துரை அவருக்குத் தபாலில் அனுப்பினார். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் காது குத்த முடியாது. மகள் தங்கப்பொண்ணுக்கு ஐந்து வயதாகியும் காது மூளி.

16.7.86

வெள்ளைத்துரை மாடிக்கே வந்துவிட்டார். "சார், அந்தப் படத்த மச்சானுக்குப் போட்டுக் காட்டணும்."

"கதையை நீங்களே சொல்லலாமே?"

"சொன்னா நான் எறங்கிப் போனதாயிரும். படம் சொல்லட்டும்."

18.7.86

டவுனில் வீடியோ கடை ராஜாராம் அந்தத் தொடரைத் தவறாமல் பதிவுசெய்து வைக்கிறாராம். கேசட்டைப் போட்டுக் கரண்ட் போன இடத்திலிருந்து பார்த்தேன். கேப்டன் ஒரு பித்தானை அழுத்துகிறார். மச்சான் கப்பல் தூள் தூள். திரும்ப ஓட்டச் சொன்னேன். திரும்பவும் தூள்.

"ரெண்டாந்தடவ பாத்தா மாறிருமா சார்?" என்றார் ராஜாராம்.

கேசட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? வீட்டுக்கு வந்தால் வாசலில் அன்னக்கொடி. "அண்ணன் வாரேன்னுட்டாரு சார்!" கேசட் கையில் இருந்தது.

20.7.86, ஞாயிறு

வாடகைக்கு எடுத்த வீடியோ டெக். சோணை வந்தார், ஆறடி, அதில் மீசை தனி. மாப்பிள்ளை வெள்ளைத்துரைக்குப் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தார். முகம் மட்டும் வேறு பக்கம்.

நான் கதையை இழுத்து இழுத்துச் சொன்னேன். எவ்வளவுதான் இழுக்க முடியும்? பித்தான். கப்பல் வெடித்தது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. நான் டி.வி.யைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாணவேடிக்கை," என்றேன். "மச்சானைச் சமாதானம் பண்ணின சந்தோஷத்துல."

தங்கப்பொண்ணு கைதட்டினாள்.

"மச்சான் எங்க சார்?" என்றார் சோணை.

"உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

சோணை எழுந்தார். காப்பியைத் தொடவில்லை. போய்விட்டார்.

நாசம். இத்தனை வருசம் புள்ள காது மூளியா இருந்தா அது அவங்க பாடு, இனிமே இருந்தா என்னாலதானே?

21.7.86

ஊருக்கு மறுகோடியில், ஒத்தக்கடைப் பக்கம் வாடகைக்கு அறை கிடைக்குமா என்று விசாரித்தேன்.

24.8.86, ஞாயிறு

குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. சோணையின் மடியில் உட்கார்ந்து தங்கப்பொண்ணு கோயிலே அதிர அழுதாள். சாப்பாட்டில் அவர் என் பக்கத்து இலை.

"பதினேழு வருசம் பட்டாளத்துல பீரங்கி பாத்தவன் சார் நான். எது வேடிக்கை, எது வெடின்னு எங்கிட்டயேவா?"

"அப்புறம் எப்படிச் சமாதானமானீங்க?"

"நீங்க டி.வி.யப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அது வெடிக்கவும் மாப்ள 'அய்யோ மச்சான்'னு என் கையப் பிடிச்சுட்டாரு. ரெண்டு வருசம் கழிச்சு மச்சான்னாரு. அங்கன உக்காந்திருந்தா அழுதிருப்பேன், அதான் எந்திரிச்சேன். மறுநா வெத்தல பாக்கோட எங்க வீட்டு வாசல்ல நிக்கிறாரு. நடந்தே வந்திருக்காரு."

சோணை என் பக்கம் திரும்பினார்.

"இனி ஞாயித்துக்கெழம படம் பாக்க வாரேன் சார். நீங்க பேசாம உக்காருங்க. கதைய நான் சொல்றேன்."

கதை சொல்லும் வேலை போயிற்று. சோணை சத்தம் போட்டுப் பரிமாறும் ஆளைக் கூப்பிட்டார். என் இலையில் இன்னொரு கரண்டி கறிக்குழம்பு விழுந்தது.