சோல்ட் அட்டை தொங்கும் அலமாரி

செனாய்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஷாமளாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். வியாபாரம் நல்லா போகுதும்மா என்று குறுக்கே சொல்லிவிடுகிறார். அத்தனையும் பொய்.

இந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்கிறோம். கட்டடச் சொந்தக்காரரின் மகன் அங்கே பபிள் டீ கடை போடப் போகிறானாம். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய மரச்சாமானை இப்போது யார் வாங்குகிறார்கள்? சனி ஞாயிறானால் எல்லை தாண்டி வரும் சிங்கப்பூர் கார்கள் நம் கடை வாசலில் வரிசை கட்டி நின்றது உனக்கு நினைவிருக்கும். ஒரு சாய்வு நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். இப்போது எல்லாரும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், லிஃப்டுக்குள் நுழையாத சாமான் யாருக்கும் வேண்டாம். பழைய காப்பிக் கடை மாதிரி கடையை ஜோடிக்கிறவர்கள்கூடப் பளிங்கு மேசையைப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

அப்பாவின் வித்தை உனக்குத் தெரியுமே. நல்ல சாமான் மேல், விற்காமலே விற்றுவிட்டதாக 'சோல்ட்' அட்டையைத் தொங்கவிடுவார். வந்தவர் ஏங்கிப்போய், வாங்கினவங்ககிட்ட பேசிப் பாருங்களேன், நான் விலை கூடவே தரேன் என்று கெஞ்சுவார். அப்பா தலையைச் சொறிந்து சொறிந்து கடைசியில் மனம் இறங்குவார். பாதிக் கடை இப்படித்தான் விற்றது. ரெங்கம் தோட்டத்துப் பங்களாவிலிருந்து வந்த கண்ணாடி அலமாரி, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வைப்பாயே, அதிலிருந்து மட்டும் அட்டை இறங்கவே இல்லை. யார் கேட்டாலும், விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்பார்.

போன வாரம் ஓர் இளம் சீனத் தம்பதி வந்தார்கள். அந்த அலமாரியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். டேப் வைத்து அளந்தார்கள். விலை கேட்டதும் இந்த மனிதர், பழக்க தோஷம், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அட்டையைக் காட்டினார். அந்தப் பெண், ஓ, நெவர்மைண்ட் லா அங்கிள் என்று சிரித்துவிட்டுப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விற்றது என்றால் விற்றதுதான், கெஞ்சத் தெரியாது. அப்பா செருப்புகூடப் போடாமல் ரோடு வரை காரின் பின்னால் ஓடினார். கார் நிற்கவில்லை. அவர் ஓடியதை நான் பார்த்திருக்கக் கூடாது, கண்ணு.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. தோசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். என் மேல் எரிந்து விழுந்தாலாவது தேவலை, அதுவும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று லோரிக்காரர் சின்னத்தம்பி, மிச்சமிருந்ததை வெறும் பலகை விலைக்கு அள்ளிப்போக வந்தார். அப்பாவே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். அலமாரியில் கை வைத்ததும் மட்டும் குறுக்கே போய் நின்றார். அது வித்தாச்சு என்றார். வித்தை தெரிந்த சின்னத்தம்பி சிரித்துக்கொண்டே, யாருக்குண்ணே வித்தீங்க என்று கேட்டார். என் மகளுக்கு, வந்து எடுத்துக்குவா என்றார் அப்பா. சின்னத்தம்பி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்? இப்போது அது நம் வீட்டு ஹாலில் டிவியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அட்டையைக் கழற்ற விடமாட்டேன் என்கிறார்.

உங்கள் வீட்டில் இடமில்லை என்று எனக்குத் தெரியும். கப்பலில் ஏற்றுவது நடக்காத காரியம். லீவு கிடைக்காது என்பதும் தெரியும், வருவாயா என்று நான் கேட்கவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிடாதே. அடுத்த முறை போன் பேசும்போது, அந்த அலமாரி எனக்கு வேணும்ப்பா, வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க என்று நீயாகவே கேள். கொஞ்சம் கெஞ்சிக் கேள். அப்பா உடனே சரி என்று சொல்லமாட்டார், தலையைச் சொறிவார். விடாமல் கேள், கண்ணு.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தனலெட்சுமி