தொடர்பிலேயே இருங்கள்

மார்ச் 4
மதிய இடைவேளை இன்றும் போனிலேயே போயிற்று. தம்பியின் முதுகு அறுவைக்குத் தேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு அடித்தால், "தொடர்பிலேயே இருங்கள்" என்று ஒரு குரல். பிறகு கரகரவென்று பியானோ. தோளில் போனை இடுக்கிக்கொண்டே சாப்பிட்டேன். சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடுபவள், "யாருக்கா லைன்ல? வாயே திறக்க மாட்டேங்கிற. மாமியாரா?" என்றாள்.

மார்ச் 5
தேதி இல்லை.

மார்ச் 10
இன்று சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். ஏமாற்றமாக இருந்தது. எனக்கென்ன பைத்தியமா?
அந்தப் பியானோவில் ஒரு கை எதையோ கேட்கிறது. மறு கை பதில் சொல்லப்போகும் நேரத்தில், ஒவ்வொரு முறையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து போடுகிறார்கள். கேட்டேவிட்டேன், அது யார் வாசிப்பதென்று. மறுமுனைப் பெண் சிரித்தாள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க. திட்டத்தான் செய்வாங்க." விசாரித்துச் சொல்கிறாளாம்.

மார்ச் 12
சொன்னாள்! பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். உலகமே கொண்டாடிய மேதையாம். கை நடுக்கம் வந்து மேடைப் பக்கமே போகாமல் இருந்தவர், கடைசிக் காலத்தில் தன் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்தாராம்.

மார்ச் 13
போனில் அதைத் தேடி எடுத்து, வீட்டுக் கூடத்தில் சத்தமாக வைத்தேன். அறுபடும் இடம் வந்தது. அறுபடவில்லை. மறு கை பதில் சொல்லிற்று, அவ்வளவு மெதுவாக, யாரையும் சமாதானப்படுத்தாமல். மடித்த துணி கையிலேயே இருந்தது.
உள்ளேயிருந்து தம்பி: "குழாய் சொட்டுற மாதிரி இருக்கு, நிறுத்துக்கா!" படுத்த படுக்கையானதிலிருந்து அவனுக்கு எல்லாமே எரிச்சல். நிறுத்தினேன். அப்புறம் என்ன வந்ததோ... "வேலைக்கும் போறேன், உன்னையும் தூக்குறேன், கழுவுறேன். இதுகூட எனக்குக் கிடையாதாடா?"
மறுபடி வைத்தேன்.

மார்ச் 14
பேச்சில்லை. சோறு மட்டும் கொடுத்தேன்.

மார்ச் 17
வேலை முடிந்து வந்ததும், "அக்கா, நடுவுல ஒரு எடத்துல தப்பா அடிக்கிறாரு, கவனிச்சியா?" என்றான். அப்படியானால் நான் இல்லாதபோது தன் போனில் கேட்கிறான்! வைத்துப் பார்த்தோம். ஆமாம், விரல் வழுக்குகிறது. "திருத்தியிருக்கலாமே," என்றேன்.
"எதுக்கு? அதான் தாண்டிப் போயிட்டாரே."

மார்ச் 26
கடைசியில் தேதி கிடைத்துப் போய் வந்தோம். கத்தி வைத்தாலும் பலனிருக்காது என்கிறார் டாக்டர். இனி எழுந்து நடக்கும் பயிற்சிதானாம். அதுவும் மெல்லத்தானாம். அழக்கூட அலுப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 20
ஞாயிறு. மத்தியானம் படுத்திருந்தேன். அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம். ஒரு காலடி. வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு அடி.
"வரட்டுமாடா?"
"நீ படுக்கா."
நான் எழுந்திருக்கவில்லை.